பழைய மடிக்கணினியில் 4கே திரையை இணைக்க முடியுமா? வரைகலை அட்டைக்குச் செலவிடும் முன் அறிய வேண்டியவை

வீட்டிலிருந்து பணிபுரிவோரும் மாணவர்களும் சிறு வடிவமைப்பு நிறுவனங்களும் மடிக்கணினியுடன் ஒரு பெரிய திரையை இணைத்துப் பயன்படுத்துவது நாடு முழுவதும் வழக்கமாகிவிட்டது. 4கே எனப்படும் உயர் தெளிவுத்திறன் கொண்ட திரைகளின் விலையும் முன்பிருந்ததைவிடக் குறைந்துள்ளது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட கணினித் திரைகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் இதற்குத் துணைசெய்தது.

ஆனால், திரை புதிதாக இருந்தாலும் அதனுடன் இணைக்கப்படும் மடிக்கணினி பெரும்பாலும் ஆறு, ஏழு ஆண்டுகள் பழையதாக இருக்கிறது. புதிய திரையை இணைத்த பிறகுதான் சிக்கல் தெரியவருகிறது. எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. அல்லது எழுத்துகள் தெளிவாக இருந்தும் சுட்டி தத்தித் தத்தி நகர்கிறது. அதற்குமேல் செல்ல கணினி மறுக்கிறது. 'கிராபிக்ஸ் கார்டை மாற்றினால் சரியாகிவிடும்' என்ற யோசனை அப்போதுதான் எழுகிறது.

இந்த யோசனையை நம்பிப் பணம் செலவிடுவதற்கு முன் சில அடிப்படை விவரங்களைத் தெரிந்துகொள்வது அவசியம். பெரும்பாலான மடிக்கணினிகளில் வரைகலை அட்டையை மாற்றவே முடியாது. அதே நேரத்தில், பல மடிக்கணினிகளில் அதை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. சரியான போர்ட், சரியான கேபிள் அல்லது ஒரு சிறிய மாற்றி ஆகியவற்றைக் கொண்டே 4கே திரையை முழுத் திறனுடன் இயக்கிவிட முடியும்.

4கே திரைக்கு எவ்வளவு தரவு தேவை?

முழு எச்டி திரையில் 1920×1080 என்ற கணக்கில் சுமார் 20.7 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. 4கே திரையில் 3840×2160 என்ற கணக்கில் சுமார் 82.9 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. அதாவது, சரியாக நான்கு மடங்கு. கணினித் திரை பொதுவாக ஒரு விநாடியில் 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. இதையே 60 ஹெர்ட்ஸ் என்கின்றனர். எனவே, 4கே திரைக்கு விநாடிக்குச் சுமார் 49.8 கோடி படப்புள்ளிகளைக் கணினி அனுப்பியாக வேண்டும்.

ஒவ்வொரு படப்புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்கள் தேவை. இதன்படி கணக்கிட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 12 கிகாபிட் தரவு கேபிள் வழியாகச் செல்ல வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு படத்துக்கும் இடையிலான இடைவெளியையும் சேர்த்தால் இது இன்னும் சற்று அதிகரிக்கும்.

இந்த அளவு தரவைக் கொண்டுசெல்லும் திறன் போர்ட்டுக்கு இல்லாவிட்டால் கணினி இரண்டில் ஒன்றைக் குறைத்துவிடும். தெளிவுத்திறனைக் குறைத்தால் எழுத்துகள் மங்கும். புதுப்பிப்பு வேகத்தை 30 ஹெர்ட்ஸாகக் குறைத்தால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலான நேரம் 16.7 மில்லி விநாடியிலிருந்து 33.3 மில்லி விநாடியாகக் கூடும். திரைப்படம் பார்க்கையில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் சுட்டியை நகர்த்தும்போதும் நீண்ட ஆவணத்தை மேலும் கீழும் உருட்டும்போதும் தாமதம் வெளிப்படையாகத் தெரியும். நாள்தோறும் எட்டு மணி நேரம் வேலை செய்பவருக்கு இது பெரும் தொல்லை.

முதல் தடை: போர்ட்டின் தலைமுறை

எச்டிஎம்ஐ போர்ட் வெளித்தோற்றத்தில் எல்லாக் கணினிகளிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் உள்ளே செயல்படும் தரநிலை ஆண்டுக்கு ஆண்டு மாறியுள்ளது. 2009-இல் வெளியான எச்டிஎம்ஐ 1.4 தரநிலையின் அதிகபட்ச வேகம் விநாடிக்கு 10.2 கிகாபிட். 4கே படத்தை 30 ஹெர்ட்ஸில் மட்டுமே இது அனுப்பும். 2013-இல் வெளியான எச்டிஎம்ஐ 2.0 இந்த வேகத்தை 18 கிகாபிட்டாக உயர்த்தியது. 4கே படம் 60 ஹெர்ட்ஸில் கிடைப்பது இந்தத் தரநிலையிலிருந்துதான். 2017-இல் வெளியான எச்டிஎம்ஐ 2.1 தரநிலையின் வேகம் 48 கிகாபிட்.

புதிய தரநிலை வெளியான ஆண்டிலேயே மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றதாகக் கருதக் கூடாது. எச்டிஎம்ஐ 2.0 வெளியாகி ஐந்து ஆண்டுகளுக்குப் பின் விற்கப்பட்ட மடிக்கணினிகளில்கூட எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டே பரவலாக இருந்தது.

டிஸ்ப்ளே போர்ட்டின் நிலை வேறு. 2010-ஆம் ஆண்டிலேயே அறிமுகமான டிஸ்ப்ளே போர்ட் 1.2 தரநிலையின் வேகம் 21.6 கிகாபிட். இதில் படத் தரவுக்குக் கிடைப்பது 17.28 கிகாபிட். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப இது தாராளமாகப் போதும். அதனால்தான் ஒரே மடிக்கணினியில் எச்டிஎம்ஐ வழியாக 30 ஹெர்ட்ஸும் சிறிய டிஸ்ப்ளே போர்ட் வழியாக 60 ஹெர்ட்ஸும் கிடைக்கின்றன. 2015-ஆம் ஆண்டின் மேக்புக் ப்ரோ கணினி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் எச்டிஎம்ஐ போர்ட் 4கே படத்தை 30 ஹெர்ட்ஸில் மட்டுமே தரும். தண்டர்போல்ட் 2 போர்ட் 60 ஹெர்ட்ஸில் தரும்.

மிகப் பழைய மடிக்கணினிகளில் காணப்படும் விஜிஏ போர்ட் 1987-ஆம் ஆண்டின் அனலாக் தொழில்நுட்பம். 4கே திரைக்கு அது எவ்வகையிலும் பயன்படாது. விஜிஏ-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் கருவிகள் கடைகளில் கிடைத்தாலும், அவை திரையில் படத்தை வரவழைக்குமே தவிர, தெளிவுத்திறனை உயர்த்தாது.

இரண்டாவது தடை: செயலியின் தலைமுறை

இந்தியாவில் விற்பனையாகும் பெரும்பாலான மடிக்கணினிகளில் தனி வரைகலை அட்டை கிடையாது. செயலிக்குள்ளேயே அமைந்த வரைகலைப் பகுதிதான் திரையை இயக்குகிறது. எனவே, செயலி எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதைப் பார்த்தாலே அதன் எல்லை தெரிந்துவிடும்.

2012-இல் வெளியான இன்டெல் 3-ஆம் தலைமுறைச் செயலிகளில் எச்டிஎம்ஐ வழியாக 1920×1200 தெளிவுத்திறனும் டிஸ்ப்ளே போர்ட் வழியாக 2560×1600 தெளிவுத்திறனும் மட்டுமே கிடைக்கும். இவற்றின் உள்ளமைந்த வரைகலைப் பகுதியைக் கொண்டு 4கே திரையை முழு அளவில் இயக்குவது சாத்தியமில்லை. 4, 5-ஆம் தலைமுறைகளில் இந்த எல்லை மாதிரிக்கு மாதிரி வேறுபடுகிறது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் மெல்லிய கணினிகளுக்கான செயலிகளில் எல்லை குறைவாகவும், அதிகத் திறன் கொண்ட மாதிரிகளில் கூடுதலாகவும் உள்ளது.

2015-இல் வந்த 6-ஆம் தலைமுறையிலிருந்து டிஸ்ப்ளே போர்ட் வழியாக 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் தரும் திறன் பரவலாகக் கிடைக்கிறது. ஆனால் 6 முதல் 9-ஆம் தலைமுறை வரையிலான இன்டெல் செயலிகளின் நேரடி எச்டிஎம்ஐ வெளியீடு 1.4 தரநிலையிலேயே நின்றுவிட்டது. எச்டிஎம்ஐ 2.0 வேண்டுமென்றால் மடிக்கணினி நிறுவனம் தாய்ப்பலகையில் தனியாக ஒரு மாற்றிச் சில்லைப் பொருத்தியிருக்க வேண்டும். சில உயர்விலை மாதிரிகளில் இது பொருத்தப்பட்டது. விலை குறைந்த மாதிரிகள் பலவற்றில் தவிர்க்கப்பட்டது. ஒரே செயலியைக் கொண்ட இரண்டு மடிக்கணினிகள் ஒரே திரையில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதற்கு இதுவே காரணம்.

10-ஆம் தலைமுறையில் ஒரு குழப்பம் உண்டு. அந்தத் தலைமுறையின் பெயரில் இரண்டு வகைச் செயலிகள் விற்கப்பட்டன. ஐஸ் லேக் வகையில் எச்டிஎம்ஐ 2.0 நேரடியாக உண்டு. காமெட் லேக் வகையில் பழைய 1.4 தொடர்ந்தது. 11-ஆம் தலைமுறை டைகர் லேக் செயலிகளிலும் எச்டிஎம்ஐ 2.0 நேரடியாகக் கிடைக்கிறது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் மடிக்கணினிச் செயலிகள் 2017 இறுதியில் அறிமுகமானபோதே எச்டிஎம்ஐ 2.0-ஐ ஆதரித்தன. எனினும், அந்தத் திறன் போர்ட் வரை கொண்டுவரப்பட்டுள்ளதா என்பது மடிக்கணினியின் வடிவமைப்பைப் பொறுத்தது.

வரைகலை அட்டையை மாற்ற முடியுமா?

மேசைக் கணினியில் வரைகலை அட்டையைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது சில நிமிட வேலை. மடிக்கணினியில் அப்படிச் செய்ய முடியாது. உள்ளமைந்த வரைகலைப் பகுதி செயலியின் ஓர் அங்கம். தனி வரைகலைச் சில்லு கொண்ட மடிக்கணினிகளிலும் அந்தச் சில்லு தாய்ப்பலகையில் நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு அதைவிடத் திறன்மிக்க சில்லைப் பற்றவைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. மின்வழங்கல், வெப்பம் வெளியேற்றும் குழாய்கள், பயாஸ் மென்பொருள் ஆகிய அனைத்தும் பழைய சில்லுக்கென வடிவமைக்கப்பட்டவை. 'ரீபாலிங்' எனப்படும் பணி பழுதான சில்லை மீண்டும் ஒட்டவைப்பதற்கானது. தரம் உயர்த்துவதற்கான வழி அன்று.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. எம்எக்ஸ்எம் எனப்படும் கழற்றி மாற்றக்கூடிய வரைகலை அட்டைகள் டெல் பிரிசிஷன், எச்பி இசட்புக் போன்ற கனரகப் பணிநிலையக் கணினிகளின் சில பழைய மாதிரிகளிலும், சில விளையாட்டுக் கணினிகளிலும் பயன்படுத்தப்பட்டன. இவற்றிலும் எந்த அட்டையும் எந்தக் கணினியிலும் பொருந்திவிடாது. அட்டையின் அளவு, திருகுத் துளைகளின் இடம், வெப்பத் தகட்டின் வடிவம், பயாஸ் ஏற்பு ஆகிய நான்கும் ஒத்துவர வேண்டும். அதே மாதிரிக் கணினிக்கு உற்பத்தியாளரே வழங்கிய உயர்தர அட்டையைத் தேடிப் பொருத்துவதே ஓரளவு பாதுகாப்பான வழி.

தனி வரைகலைச் சில்லு இருக்கிறது என்பதாலேயே 4கே திரை முழுத் திறனில் இயங்கிவிடும் என்றும் கூற முடியாது. என்விடியா நிறுவனம் 2010-இல் அறிமுகப்படுத்திய ஆப்டிமஸ் தொழில்நுட்பத்தில், தனிச் சில்லு தயாரிக்கும் படமும் உள்ளமைந்த வரைகலைப் பகுதி வழியாகவே திரைக்குச் செல்கிறது. எச்டிஎம்ஐ போர்ட் அந்த உள்ளமைந்த பகுதியுடன் இணைக்கப்பட்டிருந்தால், தனிச் சில்லு எவ்வளவு திறன்மிக்கதாக இருந்தாலும் போர்ட்டின் எல்லை மாறாது. 2016-இல் வெளியான ஜிடிஎக்ஸ் 10 வரிசையைக் கொண்ட விளையாட்டு மடிக்கணினிகள் பலவற்றில் போர்ட்கள் நேரடியாகத் தனிச் சில்லுடன் இணைக்கப்பட்டன. அத்தகைய கணினிகளில் எச்டிஎம்ஐ வழியாகவே 60 ஹெர்ட்ஸ் கிடைக்கும்.

குறைந்த செலவிலான தீர்வு: செயல்திறன் மாற்றி

மடிக்கணினியில் டிஸ்ப்ளே போர்ட், சிறிய டிஸ்ப்ளே போர்ட் அல்லது படத்தை அனுப்பக்கூடிய யுஎஸ்பி-சி போர்ட் இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். 4கே திரைகள் பலவற்றில் டிஸ்ப்ளே போர்ட் உள்ளீடு இருப்பதால் நேரடிக் கேபிள் ஒன்றே பல நேரங்களில் போதுமானது.

திரையில் எச்டிஎம்ஐ உள்ளீடு மட்டுமே இருந்தால் ஒரு மாற்றி தேவைப்படும். இங்குதான் வாங்குவோர் பெரும்பாலும் ஏமாறுகின்றனர். மாற்றிகளில் இரு வகைகள் உள்ளன. 'பேசிவ்' எனப்படும் எளிய வகை, டிஸ்ப்ளே போர்ட்டை எச்டிஎம்ஐ சமிக்ஞை அனுப்புமாறு கணினியிடம் கேட்கிறது. அப்போது கணினியின் பழைய எச்டிஎம்ஐ எல்லையே பொருந்துவதால் மீண்டும் 30 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். 'ஆக்டிவ்' எனப்படும் செயல்திறன் வகையில், டிஸ்ப்ளே போர்ட் சமிக்ஞையை எச்டிஎம்ஐ 2.0 சமிக்ஞையாக மாற்றும் தனிச் சில்லு இருக்கும். 4கே, 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாகக் குறிப்பிடப்பட்ட இந்த வகையே தேவை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். வெறுமனே '4கே ஆதரவு' என்று அச்சிடப்பட்டிருந்தால் அது 30 ஹெர்ட்ஸாகவும் இருக்கலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

யுஎஸ்பி-சி போர்ட் எல்லாவற்றிலும் படம் வராது. 2014-இல் அறிவிக்கப்பட்ட டிஸ்ப்ளே போர்ட் மாற்றுமுறையை ஆதரிக்கும் போர்ட்டில் மட்டுமே அது சாத்தியம். போர்ட்டின் அருகே டிஸ்ப்ளே போர்ட் அல்லது தண்டர்போல்ட் சின்னம் இருந்தால் ஆதரவு உண்டு எனக் கொள்ளலாம். சின்னம் இல்லாவிட்டால் உற்பத்தியாளரின் கையேட்டைப் பார்ப்பதே சரி.

பல வசதிகளை ஒன்றாக வழங்கும் யுஎஸ்பி-சி ஹப்களிலும் ஒரு வரம்பு உள்ளது. யுஎஸ்பி-சி கேபிளில் அதிவேகத் தரவுக்கென நான்கு வழித்தடங்கள் உள்ளன. ஹப் அவற்றில் இரண்டை யுஎஸ்பி 3.0 சாதனங்களுக்கு ஒதுக்கிவிட்டால் படத்துக்கு இரண்டு மட்டுமே மிஞ்சும். டிஸ்ப்ளே போர்ட் 1.2 தரநிலையில் இரண்டு வழித்தடங்கள் தரும் பயன்பாட்டு வேகம் 8.64 கிகாபிட். 4கே படத்துக்கு 60 ஹெர்ட்ஸில் தேவைப்படும் அளவைவிட இது குறைவு. அதனால் பழைய மடிக்கணினிகளில் இத்தகைய ஹப் 30 ஹெர்ட்ஸில் நின்றுவிடுகிறது. படத்துக்கு மட்டுமேயான யுஎஸ்பி-சி மாற்றியோ கேபிளோ நான்கு வழித்தடங்களையும் பயன்படுத்துவதால் 60 ஹெர்ட்ஸைத் தருகிறது.

யுஎஸ்பி வழியாகப் படம்

படம் அனுப்பும் புதிய போர்ட் எதுவும் இல்லாத மடிக்கணினிகளுக்கு டிஸ்ப்ளேலிங்க் தொழில்நுட்பம் ஒரு வழி. இதில் திரையில் தோன்ற வேண்டிய படத்தைக் கணினியின் செயலி சுருக்கி, சாதாரண யுஎஸ்பி 3.0 போர்ட் வழியாக வெளியில் உள்ள சிறு பெட்டிக்கு அனுப்புகிறது. அந்தப் பெட்டியில் உள்ள சில்லு அதை விரித்துத் திரைக்குத் தருகிறது. டிஸ்ப்ளேலிங்க் டிஎல்-6000 வரிசைச் சில்லுகள் 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் தரக்கூடியவை. முந்தைய டிஎல்-5500 வரிசை 30 ஹெர்ட்ஸுக்குள் நின்றுவிடும்.

ஆவணங்கள், கணக்குத் தாள்கள், மின்னஞ்சல், நிரல் எழுதுதல் போன்ற பணிகளுக்கு இது போதுமானது. திரையில் மாற்றம் குறைவாக இருக்கும்போது அனுப்ப வேண்டிய தரவும் குறைவு. ஆனால் காணொலி, விளையாட்டு, காணொலித் தொகுப்பு போன்றவற்றில் செயலியின் சுமை கூடும், விசிறி இரையும், படம் விட்டுவிட்டு வரும். தனி மென்பொருளை நிறுவ வேண்டியிருப்பதால் அலுவலகக் கட்டுப்பாட்டில் உள்ள கணினிகளில் நிர்வாகியின் அனுமதியும் தேவைப்படும்.

வெளிப்புற வரைகலை அட்டை

வரைகலைத் திறனை உண்மையிலேயே உயர்த்த விரும்புவோருக்கான வழி வெளிப்புற வரைகலைப் பெட்டி. மேசைக் கணினிக்கான அட்டையை, தனி மின்வழங்கல் கொண்ட ஒரு பெட்டியில் வைத்து தண்டர்போல்ட் கேபிள் வழியாக மடிக்கணினியுடன் இணைக்கின்றனர். 2015-இல் அறிமுகமான தண்டர்போல்ட் 3 தரநிலையின் வேகம் 40 கிகாபிட். முந்தைய தண்டர்போல்ட் 2-இன் வேகம் 20 கிகாபிட், முதல் தலைமுறையின் வேகம் 10 கிகாபிட் மட்டுமே. மேசைக் கணினியின் உள்ளிணைப்புடன் ஒப்பிட்டால் தண்டர்போல்ட் 3-உம் குறைவுதான். எனவே அட்டையின் திறனில் ஒரு பகுதி வீணாகும்.

பெட்டி, அட்டை, மின்வழங்கல் ஆகியவற்றின் மொத்தச் செலவு பல நேரங்களில் பழைய மடிக்கணினியின் மறுவிற்பனை மதிப்பையே தாண்டிவிடும். முப்பரிமாண வடிவமைப்பு, காணொலித் தொகுப்பு போன்ற பணிகள் செய்வோருக்கு மட்டுமே இது பொருந்தும். ஆப்பிள் நிறுவனம் 2018-இல் மேக் கணினிகளில் இதற்கு ஆதரவு அளித்தபோதிலும், அந்நிறுவனத்தின் சொந்தச் செயலிகளைக் கொண்ட மேக் கணினிகளில் அந்த ஆதரவு இல்லை.

எக்ஸ்பிரஸ் கார்டு துவாரம், வைஃபை அட்டைக்கான உள் துவாரம், எம்.2 சேமிப்பகத் துவாரம் ஆகியவற்றின் வழியாக வெளிப்புற அட்டையை இணைக்கும் கருவிகளும் இணையத்தில் விற்கப்படுகின்றன. கணினியின் மூடியைத் திறந்துவைத்து, வெளியில் கேபிளை இழுத்து, தனி மின்வழங்கலுடன் இயக்க வேண்டிய ஏற்பாடு இது. நுட்பம் அறிந்த ஆர்வலர்கள் இதைச் செய்து வெற்றி பெறுகின்றனர். பிழைப்புக்கு அந்த ஒரே கணினியை நம்பியிருப்பவர் இதில் இறங்குவது உசிதமன்று.

படம் வந்த பிறகும் வேகம் குறைவது ஏன்?

4கே திரை 60 ஹெர்ட்ஸில் இயங்கத் தொடங்கிய பிறகும் கணினி மந்தமாக இருக்கலாம். உள்ளமைந்த வரைகலைப் பகுதிக்குத் தனி நினைவகம் இல்லை. கணினியின் ரேம் நினைவகத்தையே அது பகிர்ந்துகொள்கிறது. ஒரு 4கே படத்துக்கு ஏறத்தாழ 33 மெகாபைட் இடம் தேவை. விநாடிக்கு 60 முறை அதைப் படித்துத் திரைக்கு அனுப்புவதற்கே சுமார் 2 கிகாபைட் வேகம் செலவாகிறது. ஒரே ஒரு டிடிஆர்3-1600 ரேம் பலகை தரும் அதிகபட்ச வேகம் 12.8 கிகாபைட். சாளரங்களை நகர்த்துவது, வரைவது, பிற நிரல்களை இயக்குவது என அனைத்தும் அதற்குள்ளேயே நடந்தாக வேண்டும்.

இதனால், ஒரே ரேம் பலகையுடன் விற்கப்பட்ட மடிக்கணினியில் காலியாக உள்ள இரண்டாவது துவாரத்தில் அதே அளவும் வேகமும் கொண்ட இன்னொரு பலகையைப் பொருத்துவது நல்ல பலன் தரும். இரு பலகைகளும் இணையாக இயங்கும்போது நினைவகத்தின் வேகம் இருமடங்காகிறது. பழைய மடிக்கணினியின் வரைகலையை 'மேம்படுத்தும்' வழிகளில் செலவு குறைந்ததும், வீட்டிலேயே செய்யக்கூடியதும் இதுதான். ரேம் தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்ட மெல்லிய மாதிரிகளில் மட்டும் இதற்கு வழியில்லை.

காணொலிக்கு வேறொரு வரம்பும் உண்டு. இணையத்தில் 4கே காணொலிகள் விபி9, எச்இவிசி, ஏவி1 போன்ற சுருக்கமுறைகளில் வருகின்றன. இவற்றை விரிப்பதற்கான தனிச் சுற்று வரைகலைப் பகுதியில் இல்லாவிட்டால் முழுச் சுமையும் செயலியின் மேல் விழும். இன்டெல் 7-ஆம் தலைமுறையிலிருந்து விபி9, 10 பிட் எச்இவிசி ஆகியவற்றுக்கான முழுமையான சுற்று இடம்பெற்றது. ஏவி1-க்கான சுற்று 11-ஆம் தலைமுறையில்தான் வந்தது. அதற்கு முந்தைய கணினிகளில் 4கே திரையை இணைத்தாலும் காணொலியை 1080 என்ற அளவில் பார்ப்பதே தடங்கலின்றி இருக்கும்.

4கே-வுக்குப் பதிலாக வேறு தெரிவு உண்டா?

எச்டிஎம்ஐ 1.4 போர்ட் மட்டுமே கொண்ட கணினியை வைத்திருப்பவர்கள் 2560×1440 தெளிவுத்திறன் கொண்ட கியூஎச்டி திரையைப் பரிசீலிக்கலாம். முழு எச்டி திரையைவிட இதில் 78 சதவீதம் கூடுதல் படப்புள்ளிகள் உள்ளன. இந்தப் படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப எச்டிஎம்ஐ 1.4 தரநிலையே போதும்.

27 அங்குல 4கே திரையில் ஓர் அங்குலத்துக்கு 163 படப்புள்ளிகள் என்ற அளவில் எழுத்துகள் மிகச் சிறியதாகத் தெரியும். அதனால் பெரும்பாலோர் விண்டோஸில் எழுத்தளவை 150 சதவீதமாகப் பெரிதாக்கிக்கொள்கின்றனர். அவ்வாறு செய்தால் திரையில் ஒரே நேரத்தில் காணக்கூடிய தகவலின் அளவு, அதே அளவுள்ள கியூஎச்டி திரையில் காண்பதற்குச் சமமாகிவிடுகிறது. எழுத்துகளின் கூர்மை மட்டுமே கூடுதல் பயன். புகைப்படம், அச்சு வடிவமைப்பு போன்ற பணிகளில் இருப்போருக்கு அந்தக் கூர்மை முக்கியம். கணக்குப் பணி, பாடம் நடத்துதல், செய்தி எழுதுதல் போன்றவற்றுக்குக் கியூஎச்டி திரையே போதும்.

வாங்கும் முன் சரிபார்ப்பது எப்படி?

முதலில் செயலியின் முழுப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்டெல் நிறுவனம் தனது இணையதளத்தில் ஒவ்வொரு செயலிக்கும் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் ஆகியவற்றின் அதிகபட்சத் தெளிவுத்திறனைத் தனித்தனியாக வெளியிட்டுள்ளது. எடுத்துக்காட்டாக, கோர் ஐ5-8250யு செயலிக்கு எச்டிஎம்ஐ வழியாக 24 ஹெர்ட்ஸும் டிஸ்ப்ளே போர்ட் வழியாக 60 ஹெர்ட்ஸும் குறிப்பிடப்பட்டுள்ளன. அதன்பின், மடிக்கணினி நிறுவனத்தின் கையேட்டில் அந்த மாதிரியின் போர்ட்கள் எந்தத் தரநிலையைச் சேர்ந்தவை என்பதைப் பார்க்க வேண்டும்.

திரையை இணைத்த பின் விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற வரிசையில் சென்றால், தற்போதைய தெளிவுத்திறன், புதுப்பிப்பு வேகம், திரை எந்த வரைகலைச் சில்லுடன் இணைந்துள்ளது ஆகிய மூன்றும் தெரியும். அங்கு 30 ஹெர்ட்ஸ் எனக் காட்டினால் உடனே கணினியைக் குறைகூற வேண்டியதில்லை. சில திரைகளில் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 முறையைத் திரையின் சொந்த அமைப்புப் பட்டியலில் இயக்க வேண்டியிருக்கும். சில திரைகளில் உள்ள பல எச்டிஎம்ஐ உள்ளீடுகளில் ஒன்று மட்டுமே 2.0 தரநிலையில் இருக்கும்.

கேபிளையும் கவனிக்க வேண்டும். எச்டிஎம்ஐ 2.0 வேகத்துக்கு 'பிரீமியம் ஹை ஸ்பீடு' எனச் சான்றளிக்கப்பட்ட கேபிள் ஏற்றது. பழைய கேபிளில் படம் அவ்வப்போது மறைந்து தோன்றினால் முதலில் அதை மாற்றிப் பார்ப்பதே முறை. வரைகலை இயக்கி மென்பொருளையும் பயாஸையும் உற்பத்தியாளரின் இணையதளத்திலிருந்து புதுப்பிப்பதும் சில நேரங்களில் சிக்கலைத் தீர்க்கும்.

செலவிடுவதா, புதிதாக வாங்குவதா?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11 இயங்குதளம் பொதுவாக இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலிகளையே ஏற்கிறது. எனவே, 7-ஆம் தலைமுறைக்கு முந்தைய கணினிக்காக வெளிப்புற வரைகலைப் பெட்டி போன்ற பெரும் செலவை மேற்கொள்வது பொருத்தமாக இருக்காது. மாற்றி, கேபிள், ரேம் போன்ற சிறு செலவுகளுடன் நிறுத்திக்கொள்வது நல்லது. நல்ல திரை பத்தாண்டுகூட உழைக்கும். அடுத்த கணினிக்கும் அது பயன்படும். கையில் உள்ள பணத்தில் பெரும்பகுதியைத் திரைக்குச் செலவிட்டு, மடிக்கணினிக்குக் குறைந்த செலவில் வழி தேடுவது அந்த வகையில் நியாயமான கணக்கு.

தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் சாலை, பெங்களூருவின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் அலுவலகங்களிலிருந்து வெளியேறிய மடிக்கணினிகள் விற்பனைக்கு வருகின்றன. பெரிய திரையுடன் இணைப்பதற்காக இவற்றை வாங்குவோர் செயலி, சேமிப்பகம் ஆகியவற்றுடன் டிஸ்ப்ளே போர்ட் அல்லது தண்டர்போல்ட் ஆதரவு உள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

பழுதுநீக்கும் உரிமை தொடர்பாக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று தனி இணையதளத்தைத் தொடங்கியது. உற்பத்தியாளர்களின் கையேடுகள், உதிரி பாகங்கள், சேவை மையங்கள் குறித்த விவரங்களை ஒரே இடத்தில் அளிப்பது அதன் நோக்கம். 60 ஹெர்ட்ஸ் எனக் கூறி விற்கப்பட்ட மாற்றியோ கேபிளோ அவ்வாறு செயல்படாமல், கடைக்காரர் பொருளைத் திரும்பப் பெற மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம். இதற்கு ரசீது அவசியம்.

பயன்படாத மடிக்கணினியை வீட்டுக் குப்பையுடன் சேர்த்துவிடக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய கருவிகள் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களிடம் சென்றுசேர வழிசெய்வது உற்பத்தியாளர்களின் பொறுப்பாகும்.

திரை வாங்கச் செல்லும்போது மடிக்கணினியையும் அதன் மின்னூட்டியையும் உடன் எடுத்துச்செல்வது பயனுள்ளது. கடையிலேயே இணைத்து, அமைப்புப் பட்டியலில் 3840×2160 என்ற தெளிவுத்திறனும் 60 ஹெர்ட்ஸும் ஒருசேரத் தோன்றுகின்றனவா எனப் பார்த்துவிட்டுப் பணம் செலுத்தலாம். தோன்றாவிட்டால் மாற்றியையோ கேபிளையோ மாற்றி அங்கேயே மீண்டும் சோதித்துக்கொள்ளலாம்.